சூரிய மீன் கட்டுரையும் ஒரு தப்பான படமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் சூரிய மீனைப் பற்றி, அதாவது மோலா என்ற பேரினத்துப் பெரிய கடல் மீன்களில் மோலா டெக்டா என்ற இனம் மரபணுவால் கண்டுபிடிக்கப்பட்டது என்று, வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். ஒரு மீனுக்கு முழுப்பக்கம் ஒதுக்கினீர்களே, அதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, நடுவில் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போட்டிருந்த வரி: இனி மீனை அறுத்து முள் எண்ண வேண்டாம், டி.என்.ஏ. சொன்னால் போதும் என்று. இன்னொன்று, பக்கத்தின் தலையில் இருந்த படம். படத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மீன் எந்த இனம் என்று சொல்வதற்காக முள் எண்ணும் வேலையைத்தான் நான் இருபத்தெட்டு வருடம் பார்த்தேன். ஃபார்மலின் நாற்றத்துக்கு நடுவே, பூதக்கண்ணாடியும் ஊசியுமாக உட்கார்ந்து, செவுளைத் திறந்து அதிலுள்ள முட்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருப்பது. எண்ணும்போது யாராவது கூப்பிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் உங்கள் வரி என் பிழைப்பையே கேலி செய்வதுபோல் பட்டது, மறைக்கவில்லை. ஆனாலும் டி.என்.ஏ.வுக்கு எதிராக எழுத வரவில்லை. நான் எத்தனை மீன்களுக்குத் தப்பான பெயர் எழுதியிருக்கிறேன் என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததே அதுதான்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். 2003-இல் கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் ஒரு யோசனை சொன்னார்கள். விலங்குகளின் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சி.ஓ.ஐ. என்று ஒரு மரபணு உண்டு. அதில் ஏறக்குறைய 650 எழுத்து நீளமுள்ள ஒரே துண்டை எல்லா விலங்கிலும் படித்து, பொருட்களின் மேல் ஒட்டும் பார்கோடு மாதிரி பயன்படுத்தலாம் என்பதுதான் அது. 2005-இல் ஆஸ்திரேலியாவில் 207 மீன் இனங்களை, பெரும்பாலும் கடல் மீன்களை, இப்படிப் படித்துப் பார்த்தார்கள். ஒரே இனத்துக்குள் இரண்டு மீன்களுக்கு நடுவே சராசரி வித்தியாசம் 0.39 சதவீதம். ஒரே பேரினத்தின், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுப்பின், இரண்டு இனங்களுக்கு நடுவே 9.93 சதவீதம். இருபத்தைந்து மடங்கு இடைவெளி! இவ்வளவு இருந்தால் முட்டை, புழுப்பருவக் குஞ்சு, தலையும் தோலும் போன வெறும் சதைத் துண்டு, எதைக் கொடுத்தாலும் பெயர் சொல்லிவிடலாம். முள் எண்ணுகிறவனுக்குச் சதைத் துண்டைக் கொடுத்தால் திருதிருவென்று முழிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் சராசரி என்பது சராசரிதான். நெருங்கிய சொந்தமுள்ள இனங்கள் என்று வரும்போது அந்த இடைவெளி சில இடங்களில் சுருங்கி ஒன்றுமில்லாமலே போகிறது. உங்கள் கட்டுரையாளர் தொடாமல் விட்ட இடம் இதுதான்.

கரீபியன் கடலில் ஹேம்லெட் என்று சின்னதாக ஒரு மீன் கூட்டம் இருக்கிறது. ஹைப்போபிளெக்ட்ரஸ் பேரினம், பத்துக்கும் மேற்பட்ட இனங்கள். ஒன்று அடர் நீலம், ஒன்று மஞ்சள், ஒன்று பட்டை போட்டது, ஒன்று கறுப்பு. நீரில் இறங்கிப் பார்க்கிறவருக்குக் குழப்பமே வராது. பெரும்பாலும் தன் நிறத்துடன்தான் ஜோடி சேர்கின்றன. ஆனால் மைட்டோகாண்ட்ரியா துண்டைப் படித்தால் எது எது என்று பிரிக்க முடியாது, எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். முழு மரபணுத் தொகுதியைப் படித்த பிறகு, வித்தியாசம் சில இடங்களில் மட்டும் கொத்தாக இருப்பது தெரிந்தது. நிறத்துக்கும் பார்வைக்கும் சம்பந்தப்பட்ட பகுதிகள் அதில் அடக்கம். அதாவது கண்ணால் பார்ப்பவன் ஜெயித்து, பார்கோடு தோற்ற இடம்.

சூரைக் கதை இன்னும் சுவாரசியம். துன்னஸ் பேரினத்தில் எட்டு இனங்கள். அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையும் பசிபிக் நீலத்துடுப்புச் சூரையும் பார்வைக்கு அவ்வளவு ஒத்திருப்பதால் வெகுகாலம் ஒரே இனத்தின் இரண்டு துணையினங்கள் என்றுதான் வைத்திருந்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவைப் படித்தபோது பசிபிக் சூரை, அட்லாண்டிக் சூரைக்குப் பக்கத்தில் போய் நிற்காமல், நீண்ட பக்கத் துடுப்பு கொண்ட ஆல்பகோர் சூரைக்குப் பக்கத்தில் போய் நின்றது. உருவமோ, செல்லின் உட்கருவிலுள்ள மரபணுக்களோ அப்படிச் சொல்லவில்லை. மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டும் வருவது. எப்போதோ ஒரு காலத்தில் இரண்டு இனங்கள் கலந்திருக்க வேண்டும். ஒன்றின் மைட்டோகாண்ட்ரியா மற்றதற்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஒருவரின் வீட்டுப் பெயரை மட்டும் பார்த்து அவர் வம்சத்தையே எழுதினால் எப்படி இருக்கும்? ஒரே ஒரு மரபணுத் துண்டை நம்புவது அப்படித்தான்.

சூரை என்று எடுத்ததும் என் சொந்தக் கதை ஒன்று. மஞ்சள்துடுப்புச் சூரையும் பெருங்கண் சூரையும் வளர்ந்த பிறகு பிரிப்பது பெரிய கஷ்டமில்லை. முழங்கை நீளத்துக்குள் இருக்கும் இளசுகள்தான் சோதனை. உயிரோடு இருக்கும்போது வயிற்றுப் பக்கத்தில் உள்ள வெள்ளைக் கோடுகளையும் புள்ளிகளையும் வைத்துச் சொல்லலாம், செத்துச் சில மணி நேரத்தில் அது மங்கிவிடும். அப்புறம் கண் பெரியதா சின்னதா என்று பார்ப்பதெல்லாம் பார்க்கிறவர் மனநிலையைப் பொறுத்தது. ஒரு தடவை நாற்பதுக்கு மேல் இளசுகள் வந்தன. அன்றைக்கு நேரமாகிவிட்டது, வெளிப்பார்வையில் எல்லாவற்றையும் மஞ்சள்துடுப்பு என்று எழுதி ஜாடியில் போட்டேன். இரண்டு வருடம் கழித்து, எங்களிடம் படிக்க வந்த ஒரு மாணவி, ஃபார்மலினில் போடுவதற்கு முன் நான் வெட்டி ஆல்கஹாலில் வைத்திருந்த துடுப்புத் துணுக்குகளைப் படித்துவிட்டு, ஐயா, இதில் ஒன்பது பெருங்கண் என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த ஒன்பதையும் எடுத்து வயிற்றைக் கிழித்தேன். ஈரலின் அடிப்பக்கம் முழுக்க இரத்தக் குழாய்கள் கோடு கோடாக ஓடுகின்றன. மூன்று மடல்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மஞ்சள்துடுப்பின் ஈரல் வழவழவென்று இருக்கும், வலது மடல் மற்றதைவிட நீளம். காற்றுப்பையும் அப்படியே: பெருங்கண்ணில் உடற்குழியின் நீளத்துக்குப் பெரிதாக, மஞ்சள்துடுப்பில் முன்பக்கம் சின்னதாக. கிழித்துப் பார்த்திருந்தால் ஒரு மீனுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். சோம்பலில் விட்டேன், மரபணு வந்து மாட்டிவிட்டது.

இந்தக் குழப்பம் ஒரு ஜாடியோடு முடிகிற விஷயமில்லை. மீன்களை ஈர்க்கக் கடலில் மிதக்கவிடும் மிதவைப் பொறிகளைச் சுற்றி வலை வளைக்கும்போது பெருங்கண் இளசுகளும் மஞ்சள்துடுப்பு இளசுகளும் கலந்துதான் ஏறும். கணக்கில் பெருங்கண்ணை மஞ்சள்துடுப்பு என்று எழுதினால், கடலில் பெருங்கண் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று போடும் கணக்கு அத்தனையும் சரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக டி.என்.ஏ. தப்பாகப் போய் உடல் காப்பாற்றிய கதையும் இருக்கிறது. ஒரு ஆய்வகத்துக்கு, எது என்று சொல்லப்போவதில்லை, கானாங்கெளுத்தித் துணுக்குகளை அனுப்பியிருந்தோம். வந்த முடிவில் இரண்டு மீன்கள் இடம் மாறி நின்றன. குட்டைக் கானாங்கெளுத்தி என்று நான் எழுதியது சாதாரணக் கானாங்கெளுத்தி என்றும், மற்றது தலைகீழாகவும் வந்தது. ஏதோ கலப்பினம் கண்டுபிடித்துவிட்டோம் என்று எங்களில் ஒருவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஜாடியைத் திறந்து குடலை நீட்டி அளந்தேன். ராஸ்ட்ரெல்லிகர் பேரினத்தில் இது அருமையான அடையாளம்: குட்டைக் கானாங்கெளுத்தியின் குடல் மீனின் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகும், சாதாரணக் கானாங்கெளுத்தியில் அதில் ஏறக்குறைய பாதிதான். நான் எழுதியது சரியாகவே இருந்தது. குழாய்களின் மூடியில் எண் மாறிப்போயிருந்தது, அவ்வளவுதான். உடலை வைக்காமல் துணுக்கை மட்டும் வைத்திருந்தால் இன்றைக்கு அந்த இரண்டு டி.என்.ஏ. எழுத்து வரிசைகளும் தப்பான பெயரில் ஏதாவது தரவுத்தளத்தில் உட்கார்ந்திருக்கும். அடுத்து யாராவது தங்கள் மீனை அதோடு ஒப்பிட்டு, அதே தப்பைத் தங்கள் மீனுக்கும் எழுதியிருப்பார்கள். பொதுத் தரவுத்தளங்களில் அப்படிப் பெயர் மாறிய வரிசைகள் கிடப்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டி.என்.ஏ. தானாகப் பெயர் சொல்வதில்லை, சார். அது முன்பு யாரோ ஒரு உடலைப் பார்த்து எழுதி வைத்த பெயரைத்தான் திருப்பிச் சொல்கிறது. அந்த யாரோ சரியாக முள் எண்ணியிருக்க வேண்டும்.

முள் எண்ணுவது என்றால் என்ன என்று கேட்கும் வாசகர்களுக்காக. மீனின் செவுள் மூடியைத் தூக்கினால் சிவப்பாக வில் மாதிரி வளைவுகள் தெரியும். முதல் வளைவின் உள்பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்பவைதான் செவுள் முட்கள். வாய்க்குள் வரும் நீரில் உள்ள இரையை வடிகட்டுபவை. என்ன தின்கிறதோ அதற்கேற்ப எண்ணிக்கையும் நீளமும் மாறும், அதனால் பக்கத்துப் பக்கத்து இனங்களைப் பிரிக்க நல்ல குறி. இதுபோக முதுகுத் துடுப்பிலும் குதத் துடுப்பிலும் எத்தனை கதிர்கள், பக்கக் கோட்டில் எத்தனை செதில்கள், முதுகெலும்பில் எத்தனை கண்ணிகள் என்று எண்ணுவோம். சிங்க மீன்களில் டெரோயிஸ் வோலிடன்ஸ், டெரோயிஸ் மைல்ஸ் என்ற இரண்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் முதுகுத் துடுப்பிலும் குதத் துடுப்பிலும் ஒவ்வொரு கதிர்தான், அதுவும் எல்லா மீனிலும் அல்ல. 1985-இல் ஃபுளோரிடா பக்கம் முதலில் கண்ணில் பட்டு, பிறகு மேற்கு அட்லாண்டிக் முழுக்கப் பரவிய சிங்க மீனில் இரண்டு இனங்களும் இருக்கின்றன என்று உறுதியாகச் சொல்ல மரபணுதான் தேவைப்பட்டது.

காதுக்கல்லை விட்டுவிட்டால் என் பழைய சகாக்கள் கோபிப்பார்கள். எலும்பு மீன்களின் மண்டைக்குள், மூளைக்கு இரண்டு பக்கமும் மூன்று ஜோடிச் சுண்ணாம்புக் கற்கள் இருக்கும். மரத்தின் வளையம் மாதிரி அதில் வருடக் கணக்கு ஏறும். வயது பார்க்கத்தான் உடைப்போம், ஆனால் அதன் வடிவமும் உள்பக்கத்தில் ஓடும் பள்ளமும் இனத்துக்கு இனம் மாறும். கத்தாழை மீன்களில் இந்தக் கல் பெரிதாகவே இருக்கும். அவற்றின் காற்றுப்பையில் மரக்கிளை மாதிரி கிளைகள் பிரியும், கிளைகள் எந்த இடத்தில் எப்படிப் பிரிகின்றன என்பது இனத்துக்கு இனம் வேறு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த எதெல்வின் டிரவாவஸ் என்ற அம்மையார் 1977-இல் இந்தோ-மேற்குப் பசிபிக் கத்தாழைகள் அத்தனையையும் ஒழுங்குபடுத்தியபோது காற்றுப்பைக்கும் காதுக்கல்லுக்கும் பெரிய இடம் கொடுத்தார். வெளியில் பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளி நிற மீன். உள்ளே திறந்தால்தான் ஆள் தெரியும்.

எண்ணிக்கையும் மரபணுவும் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் விலாங்கு. ஐரோப்பிய விலாங்கும் அமெரிக்க விலாங்கும் வட அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில்தான் முட்டையிடுகின்றன, பிறகு குஞ்சுகள் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. வெளித்தோற்றத்தில் பிரிப்பது ரொம்பச் சிரமம். டென்மார்க்கின் யோஹன்னஸ் ஷ்மிட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் முதுகெலும்புக் கண்ணிகளை எண்ண வைத்தார். ஐரோப்பியதற்குச் சராசரி 115-ஐ ஒட்டி, அமெரிக்கதற்கு 107-ஐ ஒட்டி. எல்லைகள் ஓரத்தில் லேசாகத் தொட்டுக்கொள்ளும், ஆனால் கூட்டமாக வைத்தால் இரண்டு குவியல்கள் தெளிவாக நிற்கும். சரி, ஐஸ்லாந்தில் பிடித்த விலாங்குகளில் மட்டும் சிலவற்றுக்குக் கண்ணிகள் குறைவாக இருந்தன. அது சுற்றுச்சூழல் செய்த வேலையா, வேறு ஏதாவதா என்று வெகுநாள் தெரியவில்லை. குளிர்ந்த நீரில் வளரும் மீன்களுக்குக் கண்ணி எண்ணிக்கை கூடும் என்பதெல்லாம் தெரிந்த விஷயம் என்பதால் எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரும் அறுதியிட்டுச் சொல்லத் துணியவில்லை. 1990-இல் அமெரிக்க மரபியலாளர் ஜான் அவைஸும் அவருடன் இருந்தவர்களும் அதே மீன்களில் மரபணுவையும் கண்ணி எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தார்கள். கண்ணி குறைந்தவற்றில் அமெரிக்க மரபணு இருந்தது. அங்கே கலப்பு விலாங்குகள் இருக்கின்றன என்பது இப்படித்தான் தெரிந்தது. அதே மீன்களில் என்று அழுத்திச் சொல்கிறேன். ஒரு மீனில் எண்ணி, வேறொரு மீனில் மரபணு படித்திருந்தால் இந்த முடிச்சு அவிழ்ந்திருக்காது.

பிரிக்காமல் விட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்குத் திருக்கை பதில் சொல்லும். வடகிழக்கு அட்லாண்டிக்கின் பெரிய திருக்கைக்கு ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் பாட்டிஸ் என்று பெயர் வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை ஒட்டி வேறு இனங்களையும் விவரித்திருந்தார்கள். 1926-இல் கிளார்க் என்பவர் எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் போட்டு மூடினார். எண்பது வருடத்துக்கு மேல் அந்த மூடியை யாரும் திறக்கவில்லை. 2010-இல் பிரான்சில் இக்லேசியாஸும் சகாக்களும் கரைக்கு வந்த திருக்கைகளின் உருவத்தையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்து, இது இரண்டு இனம் என்று காட்டினார்கள். ஒன்றுக்குக் கண் பாப்பாவைச் சுற்றியுள்ள வளையம் வெளிர் மஞ்சள், இன்னொன்றுக்குக் கருமை கலந்த பாசிப்பச்சை. வாலில் முட்கள் நிற்கும் விதம் வேறு. சின்னது 1.4 மீட்டரைச் சுற்றி நின்றுவிடும், பெரியது 2 மீட்டரைத் தாண்டும். சின்னதில் பெண் 1.2 மீட்டரை ஒட்டியே முட்டையிடத் தயாராகிவிடும். பெரியதில் கிட்டத்தட்ட 2 மீட்டர் ஆக வேண்டும். இரண்டையும் ஒன்றாக எழுதிவந்தபோது, சின்னதின் எண்ணிக்கை பெரியதின் வீழ்ச்சியை மறைத்துக்கொண்டிருந்தது. பெரியது குட்டி போடும் வயதுக்கு வருவதற்குள்ளேயே வலையில் ஏறிவிடுகிறது, கணக்கில் மட்டும் அந்தத் திருக்கை இருந்துகொண்டே இருக்கிறது. (குட்டி என்று எழுதிவிட்டேன், இந்தத் திருக்கைகள் தோல்பை மாதிரி ஓட்டில் முட்டையிடுபவை. பழக்க தோஷம்.) பாட்டிஸ் என்ற பழைய பெயர் கடைசியில் சின்னதற்குப் போனது, பெரியது டிப்டூரஸ் இண்டர்மீடியஸ் ஆனது. கண் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும் வித்தியாசம். ஆனால் ஒரே இனம் என்று புத்தகத்தில் எழுதிவிட்டால் கண் நிறத்தை யார் பார்க்கிறார்கள்?

ஓபா என்ற பெரிய கடல் மீனிலும் இதேதான். லாம்பிரிஸ் குட்டாட்டஸ் என்று உலகம் முழுக்க ஒரே பெயரில் எழுதிவந்தார்கள். ஹவாயில் மீன் கையாளுபவர்களுக்கோ பெரிய கண், சின்னக் கண் என்று இரண்டு ஓபா உண்டு என்பது தெரிந்தே இருந்தது. 2018-இல் மரபணுவையும் உடல் அளவுகளையும் சேர்த்து வெளியான ஆய்வு அந்த ஒரு பெயரைப் பல இனங்களாகப் பிரித்தது, பெரிய கண் ஒன்று, சின்னக் கண் ஒன்று உட்பட. இதில் ஒரு வேடிக்கை: முழு உடலையும் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளும் முதல் மீன் என்று 2015-இல் ஓபாவைக் கொண்டாடினார்களே, கலிஃபோர்னியா கடலில் பிடித்து ஆராய்ந்த அந்த மீனுக்குக் குட்டாட்டஸ் என்றுதான் பெயர் போட்டிருந்தார்கள். மூன்றே வருடத்தில் அந்தப் பெயர் அட்லாண்டிக் பக்கத்து மீனுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

இனி உங்கள் சூரிய மீனுக்கு வருகிறேன். மோலா டெக்டா மரபணுவால் கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதியது பாதிதான் உண்மை. 2009-இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று தோல், தசைத் துணுக்குகளை வைத்து மோலாவில் மூன்றாவதாக ஒரு கிளை இருக்கிறது என்று சொன்னது. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அந்த மீன் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் பெயரும் வைக்க முடியவில்லை. ஆய்வாளர் மரியான் நீகார்ட் தூண்டில் கப்பல்களில் தற்செயலாக மாட்டிய சூரிய மீன்களின் துணுக்குகளைப் படித்துக்கொண்டே, கூடவே உடலையும் தேடிக்கொண்டிருந்தார். ஒரு டன்னுக்கு மேல் போகிற மீனைக் கப்பலில் ஏற்றி யாரும் பத்திரப்படுத்தப் போவதில்லை, தோலில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு விட்டுவிடுவார்கள். 2014-இல் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் கரை ஒதுங்கிய மீன்களை நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் துணுக்குக்கு ஒரு முகம் கிடைத்தது. தலையில் புடைப்பு இல்லை, தாடையில் புடைப்பு இல்லை, மூக்கு துருத்தவில்லை, வால் இருக்க வேண்டிய இடத்தில் உள்ள மடலின் ஓரம் அலை அலையாக இல்லாமல் சின்னதாக ஒரே ஒரு மடிப்பு. பெயர் வைத்தது 2017-இல். டெக்டா என்றால் லத்தீனில் மறைந்திருப்பது. கண் முன்னே இருந்துகொண்டே ஏமாற்றிய மீனுக்குப் பொருத்தமான பெயர்.

மோலாவில் இன்னொரு இனமான அலெக்சாண்டிரினியின் கதையும் இதற்குச் சளைத்ததில்லை. அந்த மீனை எல்லோரும் ராம்சாயி என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானைச் சேர்ந்த எட்சுரோ சவாய் பழைய நூல்களைத் துருவி, 1839-இல் இயற்கையியலாளர் ரன்சானி விவரித்த மூல மாதிரி (பெயர் வைக்க ஆதாரமாக இருந்த மீன், அதன் தோல்) இத்தாலியின் பொலோனியாவில் இன்னும் இருப்பதைப் பார்த்து, முதலில் வைத்த பெயர் அலெக்சாண்டிரினிதான் என்று காட்டினார். விலங்குகளுக்குப் பெயர் வைக்கும் விதியில் முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை. பதினெட்டு தசாப்தங்களாக ஒரு தோல் பத்திரமாக இருந்ததால் கிடைத்த பதில் இது. உலகிலேயே எடை கூடிய எலும்பு மீன் என்று எல்லா இடத்திலும் மோலா மோலாவின் பெயரைப் போடுவார்களே, 1996-இல் ஜப்பானின் காமோகாவாவில் பிடித்த 2,300 கிலோ மீன், அதன் தலைப் புடைப்பையும் தாடைப் புடைப்பையும் பார்த்து அதுவும் அலெக்சாண்டிரினிதான் என்று திருத்தினார்கள். 2021-இல் அசோர்ஸ் தீவுகளின் ஃபயால் பக்கம் செத்து மிதந்த 2,744 கிலோ மீனும் அதே இனம்.

அதனால் அடுத்த தடவை புது மீன் இனம் என்று செய்தி வந்தால் நிருபரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். உடல் எந்தச் சேகரிப்பில், என்ன எண்ணில் இருக்கிறது? மரபணு படித்த துணுக்கு அதே உடலிலிருந்து எடுத்ததுதானா? பதில் வந்தால் அதையும் ஒரு வரி போடுங்கள். ஒன்றும் பெரிய இடம் பிடிக்காது. இப்போதெல்லாம் அறுக்காமலே மைக்ரோ சி.டி. என்ற நுண்ணிய எக்ஸ்ரே படம் எடுத்து எலும்பெல்லாம் எண்ணிவிடுகிறார்கள், ஆகவே அறுக்க வேண்டாம் என்று உங்கள் வரியில் இருந்ததில் பாதியை நானும் ஒப்புக்கொள்கிறேன். எண்ண வேண்டாம் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. ஃபார்மலினில் நீந்தும் பழைய மாதிரிகளிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு, 1890-களிலிருந்து உலகம் முழுக்கச் சேர்ந்த மாதிரிகளில் ஏராளமானவை அதில்தான் பதப்படுத்தப்பட்டவை. அவற்றோடு புது மீனை ஒப்பிட முதலில் கைக்கு வருவது எண்ணிக்கைகளும் அளவுகளும்தான்.

கடைசியாகப் படம். மோலா டெக்டா என்று கீழே பெயர் போட்டிருக்கிறீர்கள். இன்னொரு தடவை பாருங்கள்: கண்ணுக்கு மேலே நெற்றி மேடு மாதிரி புடைத்திருக்கிறது, வாய்க்குக் கீழே தாடையும் புடைத்திருக்கிறது, பின்பக்க மடலின் ஓரம் வட்டமாக ஓடுகிறது, மடிப்பே இல்லை. அது அலெக்சாண்டிரினி. படம் கொடுத்தவர் எழுதிய பெயரை அப்படியே போட்டிருப்பீர்கள், எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு சின்னத் திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
முள் எண்ணி ஓய்வு பெற்ற ஒரு வாசகர்